வெயில் அடிக்கிறது, பேனல் இருக்கிறது, வீட்டில் கரண்ட் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வள்ளியாறு கடலில் சேருகிற கடியப்பட்டணத்தில், கரையிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் குடியிருக்கிறேன். முப்பது வருஷமாக வயரிங் வேலை செய்கிறேன். முட்டத்திலிருந்து குளச்சல் வரை கடலோரத் தெருக்களில் நான் கை வைக்காத மெயின் சுவிட்ச் குறைவு. கூரையில் சோலார் பேனல் போடுவது பற்றி உங்கள் நாளிதழில் அடிக்கடி செய்தி வருகிறது. அந்தச் செய்திகளில் கடலோர வீடுகளுக்குச் சொல்ல வேண்டிய முக்கியமான ஒன்று விடுபட்டுப் போகிறது. அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

போன ஆடியில் என் தங்கை போன் செய்தாள். முந்தின ராத்திரி கச்சான் காற்றில் தென்னை சாய்ந்து இரண்டு கம்பம் விழுந்திருந்தது. காலையில் மழை விட்டு நல்ல வெயில். அவள் வீட்டு மொட்டைமாடியில் மூன்று கிலோவாட் பேனல் இருக்கிறது. ஒரு தனியார் ஒப்பந்தக்காரர் போட்டுக் கொடுத்தது, கைக்காசும் மானியமுமாக இரண்டு லட்சம் ரூபாய் ஆனது. “மேல வெயிலு அடிக்குல்லா அண்ணே, பின்ன ஏன் ஃபேன் கறங்க மாட்டேங்கு?” என்று கேட்டாள். மூன்று நாள் அப்படித்தான் கிடந்தது. நாலாம் நாள் கம்பத்தில் கரண்ட் வந்த பிறகுதான் பேனலும் வேலை செய்தது.

பேனலிலோ இன்வர்ட்டரிலோ பழுது எதுவும் இல்லை. இப்போது பெரும்பாலான வீடுகளில் போடுகிற சோலார் இன்வர்ட்டர், கம்பத்தில் கரண்ட் இருந்தால்தான் வேலை செய்யும். லைன் போன நொடியில் தானாக நின்றுவிடும். அது நல்ல விதி. அப்படி நிற்காவிட்டால், அறுந்த கம்பியைக் கட்டிக்கொண்டிருக்கும் லைன்மேன் உடம்பில் நம் வீட்டுப் பேனலின் கரண்ட் பாயும். என்னோடு வேலை பழகியவர்களில் சிலர் லைன்மேனாகப் போனவர்கள், அந்த விதியை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் லைன் நின்றாலும் வீட்டுக்குள் மட்டும் கரண்ட் ஓடவேண்டும் என்றால் பேட்டரியும், கம்பத்திலிருந்து வீட்டைத் துண்டித்துவிட்டு உள்ளே மட்டும் ஓட்டுகிற ஹைபிரிட் இன்வர்ட்டரும் வேண்டும். இதை என் தங்கையிடம் யாரும் சொல்லவில்லை. அவள் பேனல் போட்டபோது நான் திருவனந்தபுரத்தில் ஒரு கட்டட வேலையில் இருந்தேன். சொல்லியிருக்க வேண்டிய நானும் சொல்லவில்லை.

மதுரையிலோ கோயம்புத்தூரிலோ இருக்கிறவர்களுக்கு இது பெரிய விஷயம் இல்லை. ஒரு மணி நேரம் கரண்ட் போகும், வரும். எங்கள் கடலோரம் அப்படி இல்லை. ஆனி, ஆடியில் ஒரு மழை, ஐப்பசி, கார்த்திகையில் இன்னொரு மழை. காற்று இரண்டு தடவையும் கம்பத்தைச் சாய்க்கும். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் வந்தபோது மாவட்டம் முழுக்க ஆயிரக்கணக்கில் மின்கம்பங்கள் விழுந்தன. வெளி மாவட்டங்களிலிருந்தெல்லாம் மின் ஊழியர்கள் வந்து, வாழையும் ரப்பரும் சாய்ந்து கிடந்த வழியில் கம்பத்தைத் தோளில் சுமந்துகொண்டு போனார்கள். அவர்கள் பட்ட பாட்டைக் கண்ணால் பார்த்தவன் நான். அப்படியிருந்தும் எங்கள் தெருவுக்குக் கரண்ட் வரப் பதினொரு நாள் ஆனது.

அந்தப் பதினொரு நாளில் வெளிச்சம் இல்லாததையோ ஃபேன் இல்லாததையோ நான் பெரிதாக நினைக்கவில்லை. தங்கையின் கணவர், என் மச்சான், அப்போது தூத்தூர் பக்கத்து விசைப்படகு ஒன்றில் ஆழ்கடலுக்குப் போயிருந்தார். ஊரில் வீட்டுக்கு வீடு அதே நிலைமை. அப்பன், பிள்ளை, மருமகன் என்று யாராவது ஒருவர் கடலில். டி.வி. இல்லை. போனில் சார்ஜ் இல்லை. கோவில் ஜெனரேட்டருக்கு டீசல் வந்தது மூன்றாம் நாள். பங்குத்தந்தை என்னைக் கூப்பிட்டு, ஜனங்கள் போனை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள், ஏதாவது செய் என்றார். கடையில் கிடந்த ஒரு பலகையில் பதினாறு பிளக் பாயிண்ட் அடித்துக் கோவில் வராந்தாவில் கொண்டு போய் வைத்தேன். ஒவ்வொரு போனின் முதுகிலும் பிளாஸ்டர் ஒட்டி, பேனாவால் வீட்டுப் பெயர் எழுதினோம். அரை மணி நேரத்துக்கு ஒருமுறை போன்களை மாற்றினோம். யாரும் சண்டை போடவில்லை. போன் உயிர் பெறுகிற சத்தம் கேட்டால் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

தங்கையின் போனை ஆன் செய்ததும் மெசேஜ் வந்து விழுந்தது. தெரியாத ஒரு நம்பரிலிருந்து நான்கு தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். முதல் கால் வந்தது முந்தின நாள் காலையில். திருப்பிக் கூப்பிட்டால் லட்சத்தீவில் யாரோ எடுத்தார். படகு அங்கே ஒதுங்கியிருந்தது, மச்சான் உயிரோடு இருந்தார். ஒரு பகலும் ஒரு ராத்திரியும், அவர் பிழைத்திருக்கிறார் என்ற செய்தி வந்து நின்றும், என் தங்கை அவரைச் செத்துப்போனதாக நினைத்து அழுதுகொண்டிருந்தாள். ஒரு போனுக்கு முழு சார்ஜ் ஏற்ற எவ்வளவு கரண்ட் வேண்டும் தெரியுமா? ஒரு யூனிட்டில் அறுபது போனுக்கு மேல் சார்ஜ் ஏற்றலாம். வல்லவிளை, சின்னத்துறை, இரவிபுத்தன்துறைப் பக்கம் எத்தனையோ வீடுகளுக்கு அப்படி ஒரு கால் கடைசிவரை வரவே இல்லை. அதை நினைத்தால் எங்கள் வீட்டுக் கதையைச் சொல்லவே மனம் கூசுகிறது. ஆனாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

அந்தக் காற்றில் என் வீட்டு ஷீட் கூரையும் போனது. 2019-இல் மூன்று சென்ட் நிலத்தில் அறுநூறு சதுர அடிக்குப் புதிதாகக் கட்டினேன். கொத்தனார் என் பழைய நண்பர். இருவரும் சேர்ந்து, ஒக்கியில் எந்தெந்த வீட்டில் எது முதலில் போனது என்று தெருத்தெருவாகப் பார்த்துவிட்டுத்தான் கோடு போட்டோம்.

பார்த்ததில் புரிந்தது, காற்று கூரையை அமுக்குவதில்லை, தூக்குகிறது என்பது. கடல் பக்கத்து ஜன்னல் ஒன்று உடைந்தால் போதும், உள்ளே புகுந்த காற்று கீழிருந்து தள்ளும், மேலே ஓடும் காற்று இழுக்கும், கூரை பெயர்ந்துவிடும். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் பலம் நான்கு மடங்காகும். பழைய ஆட்கள் மேற்குப் பக்கம் சின்னதாக ஒரு ஜன்னல் வைத்து, அதற்கு அயினிப் பலகைக் கதவு போட்டதற்குக் காரணம் இருந்திருக்கிறது. இப்போது கடல் தெரியவேண்டும் என்று அந்தப் பக்கம் ஆளுயரத்துக்கு அலுமினியம் ஸ்லைடிங் கண்ணாடி வைக்கிறார்கள். மழைக்காற்றில் அதன் கீழ்த்தடம் வழியாகவே தண்ணீர் வீட்டுக்குள் வரும். நான் மேற்கே இரண்டு சின்ன ஜன்னல் வைத்து, வெளிப்பக்கம் பலகைக் கதவு போட்டேன். காற்றோட்டத்துக்குத் தெற்கிலும் வடக்கிலும் பெரிய ஜன்னல்கள். தரை மட்டத்தை மூன்றடி உயர்த்தினோம்.

அடுத்தது உப்பு. எங்கள் ஊரில் பத்து, பதினைந்து வருஷத்திலேயே சன்ஷேடு வெடித்து, கம்பி துருப்பிடித்து வெளியே தெரிகிற வீடுகள் நிறைய. கம்பிக்கு மேல் போதுமான கான்கிரீட் இல்லாததுதான் காரணம். கடலோரக் கட்டடத்தில் கம்பிக்கு மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் கவர் வேண்டும், கலவையின் பலம் எம் 30 என்ற தரத்துக்குக் குறையக் கூடாது என்று ஐ.எஸ். 456 என்ற இந்தியக் கான்கிரீட் தரவிதி சொல்கிறது. உள்நாட்டு வீட்டுக்குப் போடுகிற மாதிரி கம்பியைத் தூக்கிப் பிடிக்கிற கட்டையை, அதாவது கவர் பிளாக்கை, 20 மில்லிமீட்டரில் வைத்து வார்த்துவிட்டுப் போனால் உப்பு சீக்கிரமே கம்பியைப் பிடித்துவிடும். என் வீட்டுக்குக் கவர் பிளாக்குகளை நாங்களே வார்த்தோம். கலவைக்கும் நனைப்புக்கும் உப்புக் கிணற்றுத் தண்ணீரைத் தொடவில்லை, டேங்கர் தண்ணீர்தான். செலவு கூடியது உண்மை. ஏழு வருஷம் ஆகப்போகிறது, ஒரு விரிசல் இல்லை.

இனி பேனலுக்கு வருகிறேன், என் தொழில் அதுதானே. மாடியில் துணி காயப்போட இடம் வேண்டும் என்று ஏழடி, எட்டடி உயரத்துக்கு இரும்புக் கால் நட்டு, அதன்மேல் பேனலைச் சாய்த்து வைக்கிறார்கள். கடலோரத்தில் இது பாய்மரம் கட்டுவதற்குச் சமம். இப்போது வருகிற 540 வாட் பேனல் ஒன்று இரண்டரைச் சதுர மீட்டருக்கு மேல் இருக்கும். ஆறு பேனல் சேர்ந்தால் அதில் பிடிக்கிற காற்றை யோசித்துப் பாருங்கள். சூரியனுக்காக இவ்வளவு தூக்கவேண்டியதும் இல்லை. நம் மாவட்டம் நிலநடுக்கோட்டிலிருந்து எட்டு டிகிரியில்தான் இருக்கிறது. பத்து டிகிரி சாய்வு வைத்தாலே போதும், மழையில் உப்பும் கழுவிப்போகும். நான் மாடித் தளம் வார்க்கும்போதே தளக் கம்பியோடு சேர்த்துச் சின்னச் சின்ன கான்கிரீட் கால்கள் எழுப்பி, போல்ட்டை அதில் புதைத்துவிட்டேன். பிறகு துளை போட்டு இறக்குகிற போல்ட்டை அந்த அளவுக்கு நான் நம்புவதில்லை. சுவர் ஓரத்தில்தான் காற்று சுழலும், அதனால் பேனலை நடுவில் ஒதுக்கி வைத்தேன். நட்டு, போல்ட்டெல்லாம் 316 ரக ஸ்டெயின்லெஸ். சாதாரண முலாம் பூசிய போல்ட் எங்கள் தெருவில் மூன்றாம் வருஷமே பழுத்துவிடும், கையால் திருகினால் தலை கழன்று வரும்.

என் வீட்டில் இரண்டே பேனல், ஒரு கிலோவாட். நல்ல வெயிலில் ஒரு நாளைக்கு நான்கு யூனிட் தரும். மழை மூட்டத்தில் ஒரு யூனிட் தேறாத நாளும் உண்டு. அந்த நாளை மனதில் வைத்துத்தான் கணக்குப் போட்டேன். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும். இப்போது பி.எல்.டி.சி. ஃபேன் 30 வாட்டில் அதே காற்றைத் தருகிறது. இரண்டு ஃபேன் பத்து மணி நேரம், நான்கு ஒன்பது வாட் பல்பு ஐந்து மணி நேரம், நான்கு போன், எல்லாம் சேர்ந்து ஒரு யூனிட்டுக்குள் அடங்கும். முதலில் 150 ஆம்பியர் டியூபுலர் பேட்டரி இரண்டு வைத்திருந்தேன். 2023-இல் மாற்றி 24 வோல்ட் 100 ஆம்பியர் லித்தியம் வைத்தேன். அதில் இரண்டரை யூனிட் நிற்கும். சூரியனே வராவிட்டாலும் இரண்டு ராத்திரி தாண்டும், கொஞ்சம் வெளிச்சம் வந்தால் எத்தனை நாளானாலும் ஓட்டலாம். பேட்டரியும் இன்வர்ட்டரும் கிழக்கு அறையில், தரையிலிருந்து நாலடி உயரத்தில். கடல் பக்கம் வைத்தால் உப்புக் காற்றில் செம்புக் கம்பி பச்சைப் பிடித்துவிடும். ஃபேன், பல்பு, போன் பிளக் இவற்றுக்கு மட்டும் தனி டி.பி. (லைன் பிரிக்கிற பெட்டி), தனி லைன். அயர்ன் பாக்ஸும் மோட்டாரும் அந்த லைனில் கிடையாது. ஃப்ரிட்ஜைக் காற்றுக் காலத்தில் பகலில் மட்டும் ஓட்டுவோம். உள்ளே அம்மாவின் இன்சுலின் இருக்கிறது. ஒக்கியின்போது அதை ஈரத்துணி சுற்றிய மண்பானைக்குள் வைத்துக் காப்பாற்றினோம்.

மோட்டாரை அந்த லைனில் சேர்க்காததால் தண்ணீருக்கு வேறு வழி வேண்டும் அல்லவா? கிணற்றில் கப்பியும் கயிறும் இப்போதும் இருக்கிறது, எடுக்கவில்லை. மழைநீர்த் தொட்டி ஐயாயிரம் லிட்டர். அறுநூறு சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஐந்நூறு லிட்டருக்கு மேல் விழும், நாலைந்து நல்ல மழையில் பாதித் தொட்டி நிறைந்துவிடும். 2003-இல் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது நிறைய பேர் பெயருக்கு ஒரு குழாயை மண்ணில் விட்டார்கள். தொட்டி கட்டியவர்கள்தான் ஒக்கியில் தண்ணீருக்கு அலையவில்லை. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். காற்று வரும் என்று அறிவிப்பு வந்ததும் மாடியில் இருக்கிற பிளாஸ்டிக் டேங்கை நிரப்பி வையுங்கள். காலி டேங்க் பறக்கும். எங்கள் டேங்க் அன்று மூன்று வீடு தாண்டிக் கிடந்தது.

இத்தனையும் செய்தாலும் கடல் எடுக்கிற இடத்தில் எந்த வீடும் நிற்காது. 2004 சுனாமியை மணக்குடியும் குளச்சலும் மறக்கவில்லை. காற்றே இல்லாத நாளில் கள்ளக்கடல், தூரத்துக் கடலில் எழுந்து சொல்லாமல் வருகிற பேரலை, வந்து திண்ணையில் ஏறுகிறது. அதற்குப் பேனலும் பேட்டரியும் பதில் ஆகாது. அது தனியாக எழுதவேண்டிய விஷயம்.

நான் கேட்பது இதுதான். 2024-இல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், இரண்டுக்கு 60,000, மூன்று கிலோவாட்டும் அதற்கு மேலும் போட்டால் 78,000 ரூபாய் மானியம் கிடைக்கிறது. மானியம் பேனலின் கிலோவாட்டை வைத்துத்தான், பேட்டரிக்கென்று தனியாக எதுவும் இல்லை. அதனால் முழு மானியம் கிடைக்கட்டும் என்று மூன்று கிலோவாட்டை எல்லார் தலையிலும் கட்டுகிறார்கள். என் தங்கை வீட்டில் இரண்டு மாதத்துக்கு 240 யூனிட்தான் ஆகும். அதில் நூறு யூனிட் அரசே இலவசமாகத் தருகிறது. மிச்சத்துக்கு நானூறு, ஐந்நூறு ரூபாய் கட்டிக்கொண்டிருந்தாள். மூன்று கிலோவாட்டில் இரண்டு மாதத்தில் எழுநூறு யூனிட் விளையும். இவ்வளவு அவளுக்கு எதற்கு? அவளுக்கு வேண்டியது இருட்டில் ஒரு யூனிட்.

ஆகவே, கடலோரக் கிராமங்களுக்கு மட்டுமாவது, சின்னப் பேனலோடு பேட்டரியும் ஹைபிரிட் இன்வர்ட்டரும் வைக்கிறவர்களுக்கு அதே மானியத் தொகையைக் கொடுங்கள். மத்திய அரசால் முடியாவிட்டால் மாநில அரசு பேட்டரிக்கு ஒரு பங்கு தரட்டும். பேனல் தாங்கியின் உயரத்துக்கும் போல்ட்டுக்கும் கடலோரத்துக்கென்று ஒரு அளவுகோல் வைத்து, அதைப் பார்த்த பிறகு மானியத்தை விடுங்கள். வீட்டில் வைக்க வசதியில்லாதவர்கள்தான் எங்கள் ஊரில் அதிகம். அவர்களுக்காக ஊருக்கு ஒரு இடத்திலாவது, பள்ளிக்கூடமோ மீன் ஏலக்கூடமோ எதுவானாலும் சரி, பேட்டரியோடு பேனல் வைத்து, முப்பது பிளக் பாயிண்டும் ஒரு ஃப்ரிட்ஜும் ஒரு வயர்லெஸ் செட்டும் எப்போதும் தயாராக இருக்கட்டும். அப்படி எந்த ஊரிலாவது வைப்பதாக இருந்தால் வயரிங் வேலையைக் கூலி வாங்காமல் செய்து தருகிறேன்.

பேனல் போடப்போகிற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. கடைசித் தவணைப் பணத்தைக் கொடுக்கும் முன், நண்பகலில் மெயின் சுவிட்சை இறக்கிக் காட்டச் சொல்லுங்கள். அப்போது வீட்டில் ஒரு பல்பாவது எரிகிறதா என்று பாருங்கள். எரியாவிட்டால் ஏன் என்று அவரிடமே கேளுங்கள்.

ஐப்பசி மழைக்கு முன்னால் தங்கை வீட்டில் தனியாக இரண்டு பேனலும் ஒரு பேட்டரியும் வைத்துத் தரப்போகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அளவெடுக்கப் போனேன். பேட்டரி லைனில் முதல் பாயிண்ட் எங்கே வேண்டும், ஹாலில் ஃபேனுக்கா, அடுக்களையில் லைட்டுக்கா என்று கேட்டேன். கட்டில் தலைமாட்டைக் காட்டி, “போனுக்கு இங்க ஒரு பிளக்கு வச்சுத் தா அண்ணே, மீதியெல்லாம் பெறகு பாக்கலாம்” என்றாள்.

இப்படிக்கு,
ஒரு வயரிங் தொழிலாளி,
கடியப்பட்டணம், கன்னியாகுமரி மாவட்டம்.